கட்டட வேலையில் காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது?



யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு பெரிய தையல் ஓவியம் தொங்குகிறது. 1960 மார்ச் 17 அன்று, அந்த நிலையத்துக்கு அண்மையில் உள்ள ஹொக்ஸ் ஹொலோவில், தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய சுரங்கத்தில் தீப்பிடித்து இறந்த ஐந்து இத்தாலியக் குடிவரவாளர்களின் நினைவாக வைக்கப்பட்டது அது. அந்தச் சாவுகளுக்குப் பிறகே ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. இன்று எங்கள் பிள்ளைகளும் உறவுகளும் அனுபவிக்கும் உரிமைகள் பல, முன்னர் வந்த குடிவரவாளர்கள் உயிரைக் கொடுத்துப் பெற்றுத் தந்தவை.

ஒரு பெரிய கட்டடத் தளத்தில் பல சிறு ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் வேலை செய்வார்கள். ஆனாலும் தளம் முழுவதற்குமான முதலுதவிப் பொறுப்பு பிரதான ஒப்பந்தக்காரருடையது. முதலுதவிப் பெட்டியும் முதலுதவி பயின்ற ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும், மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் தளங்களில் இதயத்தை மீள இயக்கும் மின்கருவியும் வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

காயம் பட்டால் செய்ய வேண்டியவை இவை:

1. சிறு காயமானாலும் முதலுதவி பெற்று, அதைத் தளத்தின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்கும் உடனே அறிவியுங்கள்.

2. வைத்தியசாலைக்குப் போக வாகனம் தேவையென்றால் அந்தச் செலவு முதலாளியுடையது. எந்த வைத்தியரிடம் முதலில் போவது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை உங்களுடையது. காயம் பட்ட அன்றைய முழுச் சம்பளமும் உங்களுக்கு உண்டு.

3. "வேலையில் நடந்தது" என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் 8ஆம் இலக்கப் படிவத்தை டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அனுப்புவார். வைத்தியரிடம் போக வேண்டிய காயமென்றால், முதலாளி மூன்று வேலைநாட்களுக்குள் 7ஆம் இலக்கப் படிவத்தை அனுப்ப வேண்டும். நீங்கள் 6ஆம் இலக்கப் படிவத்தை ஆறு மாதத்துக்குள் அனுப்புங்கள். முதலாளி அனுப்பாவிட்டாலும் நீங்கள் அனுப்பலாம்.

எங்கள் ஆட்கள் தவறுவது மூன்றாவது படியில்தான். "வீட்டுப் படியில் விழுந்தேன் என்று சொல்லு, சம்பளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலாளி சொன்னால் பலர் தலையாட்டி விடுகிறார்கள். அன்றைய சிகிச்சை மாகாண வைத்தியக் காப்புறுதியில் நடந்துவிடும். ஆனால் ஆறு மாதம் கழித்து நாரி நோவால் குனிய முடியாமற் போகும்போது இழந்த சம்பளத்துக்கோ, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கோ கேட்க ஓர் ஆதாரமும் இராது. முறைப்பாடு செய்யாமல் தொழிலாளியைத் தடுப்பது சட்டப்படி குற்றம்.

கையிற் காசாகச் சம்பளம் வாங்குபவருக்கும், குடிவரவுப் பத்திரம் சரியாக இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு. தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது.

இந்தப் பக்கத்தை வெட்டி, வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையில் வைத்து விடுங்கள்.