சிவப்புப் பூசிய குழாய்க் கிணறுகள்

குடிநீர்ப் பஞ்சம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது வெடித்துக் கிடக்கும் ஏரியும், வெற்றுக் குடங்களோடு வரிசையில் நிற்கும் பெண்களுமே. அக்காட்சி பொய்யன்று. ஆயினும், அன்பு வாசகர்களே, நீருக்கு ஒரு குறைவுமில்லாத நாட்டில், பளிங்கு போன்ற நீரையே நாள்தோறும் பருகி, அந்நீராலேயே உடல் நலிந்து மாண்டோர் பல்லாயிரவர் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேகனாவும் ஒன்றுகூடிக் கடலில் கலக்கும் வங்கதேசத்தின் கதை அது.

முன்னாளில் அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் குளத்து நீரையே குடித்து வந்தனர். மாடு குளிப்பதும் துணி வெளுப்பதும் மழைக்காலத்தில் மலக்கழிவு வந்து சேர்வதும் அக்குளத்தில்தான். ஆகவே காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. இக்கொடுமைக்கு ஒரு முடிவு காணவே 1970களில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப், அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையோடு இணைந்து, குழாய்க் கிணறுகளை ஊர்தோறும் அமைக்கலாயிற்று. மண் வடிகட்டிய நிலத்தடி நீரில் நோய்க்கிருமிகள் இரா என்பது அவர்தம் துணிபு. அதில் பிழையும் இல்லை.

அந்நாட்டில் கிணறு இறக்கும் முறை வியப்புக்குரியது. மூங்கிற் சாரம் ஒன்று கட்டி, நெம்புகோலால் ஓர் இரும்புக் குழாயை மேலும் கீழுமாக ஆட்டுவார்கள். சாரத்தின்மேல் அமர்ந்திருக்கும் தொழிலாளி, குழாயின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடியும் திறந்தும் அடைப்பிதழின் வேலையைச் செய்வார். சேறு பீறிட்டு வெளிவரும். குழாய் தானே கீழிறங்கும். ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். அதன் தலையில் 'நம்பர் 6' எனப்படும் வார்ப்பிரும்பு அடிபம்பைப் பொருத்தினால் வீட்டு முற்றத்திலேயே நீர். செலவு குறைவாதலால் அரசையோ அயல்நாட்டாரையோ எதிர்பாராமல் மக்கள் தாமே பணம் சேர்த்துக் கிணறு இறக்கிக் கொண்டனர். கிணறுகள் பல இலட்சமாய்ப் பெருகின. இனிக் குளத்து நீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாமென்று தாய்மார் அடைந்த நிம்மதியை எண்ணிப் பார்க்கிறேன்.

1983ஆம் ஆண்டு எல்லைக்கு இப்பால், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்வி நிலையத்தில், தோல்நோய் மருத்துவரான கே. சி. சாஹாவிடம் மேற்கு வங்கச் சிற்றூர்களிலிருந்து சிலர் வந்தனர். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்து வெடித்திருந்தன. பலர் தொழுநோயோ என்று அஞ்சக்கூடிய அக்குறிகளைக் கண்டு, இது ஆர்சனிக் நஞ்சு என்று அவர் தெளிந்தார். நம் நாட்டு வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பது இந்த ஆர்சனிக்கின் ஒரு வடிவமே. அந்நஞ்சு வந்த வழி குழாய்க் கிணறு.

யாரும் அதனை நீரில் கலக்கவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடித்து வந்து படிவித்த வண்டல் மணலில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் வந்தது. வண்டலோடு புதைந்து மக்கிய தழை கொடிகளைத் தின்னும் நுண்ணுயிர்கள், உயிர்வளி இல்லாத அவ்வாழத்தில் அத்துருவைக் கரைத்துவிடுகின்றன. பற்றுக்கோடு இழந்த ஆர்சனிக் நீரில் கலந்துவிடுகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. காய்ச்சினால் போகாது, நீர் சுண்டச் சுண்ட நஞ்சின் செறிவு ஏறவே செய்யும். தோலில் குறி தோன்றவே பல ஆண்டுகள் ஆகலாம். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் தலைகாட்ட அதனினும் நெடுங்காலம் செல்லும். அந்நீரைக் குடிப்பதை நிறுத்துவதே முதல் மருந்து.

1970களில் கிணறு தோண்டியவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆற்று வண்டலில் ஆர்சனிக்கைத் தேடும் வழக்கம் அன்று இல்லை. ஆனால் 1983க்குப் பின் நடந்ததற்கு அச்சமாதானம் பொருந்தாது. கல்கத்தாவில் கண்டறியப்பட்ட நோயாளிகளுள் வங்கதேசத்திலிருந்து வந்தோரும் இருந்தனர் என்பது 1987க்குள்ளாகவே தெரிந்திருந்தது. மண் ஒன்று, ஆறு ஒன்று, மொழியும் ஒன்று. இடையில் இருந்தது அரசியல் எல்லை மட்டுமே. இருந்தும் 1993இல்தான் சப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்துக் கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பதை அந்நாட்டு அரசுத் துறை உறுதி செய்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் தீபங்கர் சக்கரவர்த்தி போன்றோர் ஊர் ஊராய்ச் சென்று நீரையும் மயிரையும் நகத்தையும் சோதித்து, ஓயாது குரல் எழுப்பிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

இதற்கிடையே, 1992இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் வங்கதேசத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரை ஆராய்ந்தனர். பல தனிமங்களை அளந்தார்கள், ஆர்சனிக்கை அளக்கவில்லை. நோயுற்ற கிராமவாசி ஒருவர் பிற்பாடு இலண்டனில் வழக்குத் தொடர்ந்தார். 2006இல் பிரபுக்கள் அவை நீதிபதிகள் அதனைத் தள்ளிவிட்டனர். நீர் நஞ்சற்றது என்று நிறுவனம் யாருக்கும் உறுதி கூறவில்லை, அம்மக்களிடம் அதற்குச் சட்டக் கடமையும் இல்லை என்றது தீர்ப்பு. சட்டநுட்பம் அவ்வாறிருக்கலாம். ஆனால் சோதனைக் குப்பிகளோடு அறிஞர்கள் வந்து நீர் எடுத்துச் செல்வதைக் கண்ட எளிய உழவன், பின்னர் ஒரு சொல்லும் வராதபோது, "தண்ணீர் நல்ல தண்ணீர்தான்" என்றுதானே எண்ணியிருப்பான்?

1998-99ஆம் ஆண்டுகளில் அதே நிறுவனத்தாரும் வங்கதேசத் துறையினரும் நாடெங்கும் சோதனை நடத்தினர். ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வங்கதேச அரசின் வரம்போ 50. ஆழமற்ற கிணறுகளில் நூற்றுக்கு 27 அந்த 50ஐயே தாண்டியிருந்தன. ஏறத்தாழ 3½ கோடி மக்கள் அத்தகைய நீரைக் குடித்து வந்தனர் என்று கணக்கிட்டார்கள். பின்னர் 2000 முதல் 2003 வரை ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, தகுந்தவற்றுக்குப் பச்சையும் தகாதவற்றுக்குச் சிவப்பும் பூசினர். சிவப்புப் பெற்றவை 14 இலட்சத்துக்கு மேல்.

ஒரு முற்றத்துக் கிணறு சிவப்பாயிருக்க, அடுத்த முற்றத்துக் கிணறு பச்சையாயிருக்கும். நிலத்தடிப் படிவின் போக்கு அத்தகையது. டாக்காவை அடுத்த ஆரைஹஜார் வட்டாரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு நூறு மீட்டர் தொலைவிற்குள் நல்ல கிணறு ஒன்று இருந்தது. அவ்வாறாயின் துன்பம் தீர்ந்தது என்பீர்கள். தீரவில்லை. குழாய்க் கிணறு பொதுச் சொத்தன்று. அயலான் வீட்டு முற்றத்தில் நிற்பது. மருமகள் குடத்தோடு பிறர் வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே போக வேண்டும், நாளைக்கு ஒரு முறையன்று, பலமுறை. முகம் சுளிப்பார்களோ, பழைய பகையை நினைப்பார்களோ? யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் தண்ணீர் கேட்டபோது அவள் திகைத்ததன் காரணம் நமக்குத் தெரியுமன்றோ? தண்ணீர் கேட்பது சிறு காரியமன்று. ஆயினும் நிறம் பூசிய பின் பல குடும்பங்கள் கிணறு மாற்றிக்கொண்டன. வேறு பல, சிவப்புக் கிணற்றிலேயே தொடர்ந்து இறைத்தன.

வழிகள் இல்லாமல் இல்லை. குஷ்டியாவில் பிறந்த வேதியியல் பேராசிரியர் அபுல் ஹுசாம், இரும்புத்தூள், மணல், கரி, செங்கல் உடைசல் இவற்றைக் கொண்டு வாளிகளில் அமைத்த எளிய வடிகட்டிக்கு 2007இல் அமெரிக்காவில் பத்து இலட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அதன் பெரும்பகுதியை வடிகட்டிகளை வழங்கவே அவர் ஒதுக்கினார். இன்னும் நிலையான வழி ஆழ்குழாய்க் கிணறு. ஏறத்தாழ 500 அடிக்குக் கீழுள்ள பழைய மணற்படுகையில் பெரும்பாலும் ஆர்சனிக் இல்லை. ஆனால் அவ்வளவு ஆழம் செல்ல ஏழைக் குடும்பத்தால் இயலாது. அரசுதான் அமைக்க வேண்டும். அங்கே வேறொரு நஞ்சு புகுந்தது. அரசு அமைக்கும் புதிய கிணறுகளில் சரிபாதியின் இடத்தைத் தேர்வதில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கை இருந்ததென்றும், நீர் கெட்ட ஊருக்குப் போகவேண்டியவை வேண்டியவர் வீட்டுக்குப் போயினவென்றும் மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஆண்டுதோறும் சுமார் 43,000 பேர் ஆர்சனிக் நோய்களால் இறப்பதாக ஒரு மதிப்பீட்டையும் அது எடுத்துக்காட்டிற்று.

உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, பாதுகாப்பான குடிநீர் இல்லாதோர் உலகில் 210 கோடிப் பேர்; நால்வரில் ஒருவர். இக்கணக்கில் 'பாதுகாப்பான' என்பதற்கு இன்று வகுத்துள்ள இலக்கணத்தைக் கவனியுங்கள்: நீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமிகளோடு ஆர்சனிக், ஃபுளோரைடு போன்றவையும் அளவு மீறி இருத்தலாகாது. ஆர்சனிக் என்னும் சொல் அவ்வரிக்குள் இடம்பெற வங்காள உழவர்கள் கொடுத்த விலை சிறிதன்று.

2019இல் வங்கதேசத்தில் வீடு வீடாக நடத்திய ஆய்விலும், ஏறத்தாழ பத்தில் ஒருவர் அரசு வரம்பான 50 மைக்ரோகிராமைத் தாண்டிய நீரையே குடித்து வந்தது தெரிந்தது. 2003க்குள் பூசிய வண்ணம் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து உதிர்ந்துவிட்டது. எது சிவப்பு, எது பச்சை என்று பல ஊர்களில் சொல்வாரில்லை. மூங்கிற் சாரம் கட்டி உள்ளங்கையால் குழாய் வாயை மூடித் திறக்கும் தொழிலாளிகளோ ஓயவில்லை. அவர்கள் இறக்கும் புதுக் கிணறுகளிலிருந்து, எவரும் சோதித்துப் பாராத தெளிந்த நீர் வீட்டு முற்றங்களில் கொட்டிக்கொண்டே இருக்கிறது.