குழம்புக்கா, பொரியலுக்கா?

இப்போதெல்லாம் தமிழ் வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அதையொட்டித் தேர்வாளருடன் உரையாடுகிறார்கள். அன்றாடம் பார்க்கும் காட்சிகள்தாம். ஆனால் வீடுகளில் நடக்கும் தயாரிப்பைப் பார்த்தால், மாதிரி விடைகளை மனப்பாடம் செய்வதாகவே இருக்கிறது. சந்தை வந்தால் இந்தப் பத்தி, பூங்கா வந்தால் அந்தப் பத்தி.

நோக்கம் இதுவல்ல. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னது. 2011இல் வெளிவந்த தாய்மொழிப் பாட மறுஆய்வு அறிக்கை, கற்பித்தலும் தேர்வும் அன்றாட மொழிப் பயன்பாட்டை ஒட்டி இருக்கவேண்டும் என்றது. தேவை இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். வீட்டில் இல்லாத சூழலை வேறெங்காவது தேடத்தானே வேண்டும்?

உயர்நிலை 2இல் படிக்கும் என் அக்கா மகளை ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்கு அழைத்துப் போனேன். கையில் 10 வெள்ளி கொடுத்தேன். மதியச் சமையலுக்குக் காய் வாங்கவேண்டும், தமிழில் மட்டும் பேசவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

"எனக்கு அரை கிலோ வெண்டைக்காய் வேண்டும்" என்றாள், பாடநூல் தமிழில்.

"குழம்புக்கா, பொரியலுக்காம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முருங்கைக்காயைப் பார்த்தேன்.

"ம்... பொரியலுக்கு."

"அப்ப பிஞ்சாப் பாத்து எடு. நுனிய ஒடிச்சுப் பாரு, பட்டுன்னு ஒடிஞ்சா பிஞ்சு. வளைஞ்சா முத்தல்."

(நுனியை ஒடித்தால் முகம் சுளிக்கும் கடைக்காரர்களும் உண்டு. இவர் தாமே சொன்னார்.)

அடுத்த கடையில் கத்திரிக்காயை எடுத்து, "இது முத்தலா?" என்று அவளாகவே கேட்டாள். அந்தச் சொல்லை யாரும் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லவில்லை.

பாடநூல் உரையாடலில் இருவர் பேச்சும் மாணவரின் கையில் இருக்கும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தபின், காதுகொடுத்துக் கேட்க என்ன அவசியம்? சந்தையில் அப்படி இல்லை. கடைக்காரர் கேட்டது புரியாவிட்டால் பொரியலுக்கு முத்தல் காய்தான். வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஆர்டியில் இன்னொரு வேலையும் செய்தோம். கடைக்காரர் சொன்னதைத் தேர்வாளரிடம் சொல்வதானால் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். "நுனியை ஒடித்துப் பார்க்கச் சொன்னார்" என்றாள். இரண்டு தமிழும் வேண்டும், எது எங்கே என்பதும் தெரியவேண்டும்.

எல்லா வகுப்பையும் தேக்காவுக்கு அழைத்துவர முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோகலாம். கடைக்காரராக நடிப்பவருக்கு மட்டும் ஒரு சீட்டு: வெண்டைக்காய் தீர்ந்துவிட்டது, கத்திரிக்காய்தான் இருக்கிறது. வாங்குபவரிடம் வேறொரு சீட்டு: 5 வெள்ளிதான் உண்டு, பாட்டிக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது. ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக்கூடாது. பேசித்தான் தீர்க்கவேண்டும். காகிதத்தில் காய்கறி வெட்டி ஒட்டும் நேரத்தை இதில் செலவிடலாம் என்பது என் கருத்து. விமானிகளுக்கான பாவனைப் பயிற்சியிலும் திடீர்க் கோளாறுகளைக் கொடுத்துத்தான் பழக்குகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போகாதீர்கள், யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. பிள்ளை சற்றுத் தடுமாறினாலே பல கடைக்காரர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அன்பினால்தான். "அண்ணே, பிள்ளை தமிழ் பேசிப் பழகுது" என்று முதலிலேயே காதில் போட்டுவிடுங்கள். அதன்பிறகு கருவேப்பிலையைக் கையில் திணித்து, பள்ளிக்கூடம் எது, சொந்த ஊர் எது, மதியம் என்ன குழம்பு என்று அவர்கள் விடாமல் கேட்பார்கள்.