அட்டைக்கு முந்திய ஈராண்டு

மாற்றுத்திறனாளி என்றதும் சக்கர நாற்காலியும் வெண்கோலுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலேசியச் சமூக நலத் துறை பதிவு செய்யும் ஏழு பிரிவுகளுள் மனநலக் குறைபாடும் ஒன்று என்பதைப் பலர் அறியார். கற்பிக்கும் முறையையும் பாடக்கருவிகளையும் இவர்களின் தேவைக்கேற்ப அமைத்துத் தருதல் அரசு, தனியார் கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம்.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் உள்ளது. மனநலப் பிரிவில் அட்டை பெறக் குறைந்தது ஈராண்டு மனநல மருத்துவம் பெற்றிருத்தல் வேண்டும். ஸ்கூடாயிலோ பாரிட் ராஜாவிலோ முதலாண்டிலேயே நிலைகுலையும் மாணவருக்கு, அட்டை வருவதற்குள் பட்டப்படிப்பில் பாதி கழிந்துவிடும். அதுவரை அவருக்குத் துணை, விரிவுரையாளரும் பல்கலைக்கழக ஆலோசகருமே. இடுபணிக்குக் கூடுதல் நாளோ, ஒரு பருவ ஒத்திவைப்போ கேட்பதற்கு அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரின் கடிதத்தோடு கேட்கலாம். கேட்க நா எழாததற்கு நம் வீடுகளில் எளிதாகப் புழங்கும் ‘பைத்தியம்’ என்னும் சொல்லும் ஒரு காரணம்.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் இருந்தது. தற்கொலை முயற்சிக்கு ஓராண்டுவரை சிறை விதித்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ஆகவே, அத்தகைய எண்ணத்தை ஒரு மாணவர் வெளியிட்டால், ஆசிரியர் காவல் நிலையத்தை எண்ணித் தயங்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றே ஆலோசகரிடம் அழைத்துச் செல்லலாம்.