இதயத்துக்குக் கவசமா மயக்க வாயு?

“மயக்க மருந்தை இதயம் தாங்குமா?” இதய ஆபரேஷனுக்காக மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் தாண்டி எர்ணாகுளம் செல்லும் நம்மவர் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இது.

பழைய அச்சம்தான். குளோரோபாரம் இதயத்தைக் கெடுக்குமா என்று ஆராய, நிஜாம் ஆதரவில் ஹைதராபாத்தில் 1888, 1889 ஆண்டுகளில் இரு கமிஷன்கள் அமைந்தன. நேரடி ஆபத்தில்லை என்றே அவை முடிவு கூறின. அம்முடிவு பின்னர் தவறென்று தெரிந்தது, குளோரோபாரமும் வழக்கொழிந்தது. ஐசோபுளூரேன், செவோபுளூரேன் முதலியவை வந்தன. இவை இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையும் பிறந்தது!

இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் ஆபரேஷன் 1975-ல் நடந்தது. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் அதைச் செய்தவர் செங்கன்னூர்க்காரரான டாக்டர் கே. எம். செரியன். இதயத்தை நிறுத்திவைத்துச் செய்யும் பைபாஸில் அதன் தசைக்குச் சிறிது நேரம் ரத்தம் கிடைக்காது. மறுபடி ரத்தம் பாயும்போதும் சேதம் உண்டு. வறண்ட வயலில் மடையைச் சட்டென்று திறந்தால் வரப்பு உடைவதில்லையா, அதுபோல!

1986-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நாய்களிடம் ஒரு விந்தை கண்டனர். ஐந்து நிமிடம் வீதம் நான்கு முறை ரத்தத்தைத் தடுத்துப் ‘பழக்கிய’ இதயத்தில், பிறகு 40 நிமிடம் அடைத்தபோது சேதம் கால் பங்காகக் குறைந்தது. ஐசோபுளூரேனும் இப்படிப் பழக்குகிறது என்று 1997-ல் பிராணிகளிடம் தெரியவந்தது.

மனிதரிடம்? 13 நாடுகளில் பைபாஸ் செய்துகொண்ட 5,400 பேரை ஆராய்ந்த முடிவு 2019-ல் வெளியாயிற்று. பாதிப் பேருக்கு மயக்க வாயு; மீதிப் பேருக்கு நரம்பில் ஏற்றும் மருந்து மட்டும். ஓராண்டில் இறந்தோர் நூற்றுக்கு முறையே 2.8, 3.0. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

ஆகவே, வாயுவா ஊசியா என்பதை மயக்க டாக்டரிடம் விடுங்கள். ஆஸ்துமா, சாப்பிடும் மாத்திரைகள், முன்பு மயக்க மருந்தால் உங்களுக்கோ ரத்த உறவினருக்கோ வந்த தொல்லை இவற்றை ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் தடைப்பட்ட இதயத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. நெஞ்சு வலித்தால், ‘வெறும் வாயுதான்’ என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்!