ஒரே வாரத்திற் பிறந்தவர்கள்

இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்து ஓராண்டும் நிறையாத காலம். பிரித்தானியாவில் உணவும் உடையும் பங்கீட்டு முறையிலேயே கிடைத்து வந்தன. அந்நாளில், 1946ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி முதல் 9ஆந் திகதி வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் ஸ்கொத்லாந்திலும் பிறந்த குழந்தைகளின் தாய்மாரைச் சுகாதாரத் தாதிமார் தேடிச் சென்று விசாரித்தனர். பிரசவத்திற்கு என்ன செலவாயிற்று, குழந்தைக்கு எத்தனை உடுப்புகள் வாங்கப்பட்டன, தள்ளுவண்டி உண்டா என்றெல்லாம் கேட்கப்பட்டது. 13,687 தாய்மார் விடையளித்தனர்.

விசாரணையின் முதல் நோக்கம், நாட்டிற் பிறப்புத் தொகை குறைந்து வந்ததன் காரணத்தை அறிவதே. ஆயின் அதனை நடத்திய டாக்டர் ஜேம்ஸ் டக்ளஸ் அவ்வளவில் நின்றுவிடவில்லை. அக்குழந்தைகளுள் 5,362 பேரைத் தெரிந்து, அவர்களுடைய வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்தார். அவருக்குப் பின் வந்தோரும் அப்பணியைக் கைவிடவில்லை. அன்றைய சிசுக்கள் இன்று எண்பது வயதை அண்டிய முதியோராவர்.

கண்டது யாது? உடலுழைப்புத் தொழிலாளரின் பிள்ளைகள், உத்தியோகத்தரின் பிள்ளைகளிலும் உயரத்திற் குறைந்திருந்தனர். உயரக் குறைவாவது கண்ணுக்குத் தெரிவது. தெரியாதவை வேறு பல இருந்தன. நிலக்கரிப் புகை மண்டிய பட்டினங்களிற் சிறுவரை மார்புச்சளி நோய் அடிக்கடி பீடித்தது. நோய் மாறியதும் பெற்றோர் அதனை மறந்திருப்பர், உடலோ மறக்கவில்லை. இரண்டு வயதிற்குள் அந்நோய் கண்டவர்கள், பின்னாளிற் சுவாச நோயால் அகால மரணமடையும் அபாயம் ஏனையோரைக் காட்டிலும் ஏறக்குறைய இரு மடங்கு என 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. புகைபிடிக்கும் பழக்கத்தைக் கணக்கிற் சேர்த்த பின்னரும் அவ்வேற்றுமை மறையவில்லை. தந்தை உடலுழைப்புத் தொழிலாளியாக இருந்த பிள்ளைகள், 26 வயதிற்கும் 54 வயதிற்கும் இடையில் இறந்த விகிதமும் ஏறக்குறைய இரு மடங்கே என்பது 2002இல் வெளியாயிற்று.

இத்தனைக்கும் இவர்கள் இரண்டு வயதுக் குழந்தைகளாயிருந்த 1948ஆம் ஆண்டிலேயே இலவச வைத்திய சேவை வந்துவிட்டது. இடைநிலைக் கல்வியும் இலவசமே. இலவசம் என்னும் சொல்லைக் கேட்டதும் குறையெல்லாம் தீர்ந்தது என நாம் எண்ணிவிடுகிறோம். பதினொரு வயதில், பல்கலைக்கழகத்திற்கு வழிகாட்டும் கிராமர் பாடசாலைகளுக்குப் பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அறிவுச் சோதனையிற் சமமான புள்ளி பெற்றிருந்தும், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே இடங் கிடைத்தது குறைவு. டக்ளஸ் 1964இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக் காட்டினார்.

அந்நூல் கூறும் இன்னொன்று பெற்றோர் கவனித்தற்குரியது. பிள்ளையின் படிப்பில் வீட்டார் காட்டிய அக்கறை, வீட்டு வசதியிலும் மேலான பலனைத் தந்தது. அவ்வக்கறையை அளப்பதற்கு, ஆசிரியரின் கருத்தோடு, தாயும் தந்தையும் எத்தனை முறை பாடசாலைக்கு வந்தனர் என்பதையும் டக்ளஸ் கணக்கெடுத்தார். கணக்கு நல்லதுதான். ஆயினும், வராத தந்தையருள் எத்தனை பேர் இரவு முழுதும் ஆலையில் உழைத்துவிட்டு அந்நேரம் உறங்கிக் கிடந்தனரோ!