உலாத் திருமேனியும் உலோக வார்ப்பும்

கருவறையிலே சிவலிங்கப் பெருமான் அசையாது வீற்றிருக்கின்றார். விழாக் காலத்தில் வீதிக்கு எழுந்தருளி, கோயிலுக்கு வர இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவரவர் வாயிலிலேயே காட்சி நல்குவது உலாத் திருமேனியாகும். முன்னதை அசலம் என்றும் பின்னதைச் சலம் என்றும் ஆகமங்கள் வழங்கும். சலமாகிய திருமேனிக்கு உலோகமே பெரிதும் உரியதாயிற்று. அதனை எம்முறையில் வார்ப்பது, வார்த்தபின் மேனியை எங்ஙனம் முடிப்பது என்பன ஸ்தபதி மட்டும் அறிந்தால் போதும் என்று எண்ணுதல் கூடாது. ஊரார் மனமுவந்து அளித்த பொருளைக் கொண்டு திருமேனியும் மணியும் விளக்கும் செய்விக்கும் திருப்பணிக் குழுவினர், விலையை மட்டும் நோக்கி முறையைத் தேர்ந்துவிடுவதைப் பல ஊர்களிற் கண்டு வருகின்றோம். அப்பொருள் எப்பணிக்கு ஆளாகப் போகின்றது என்பதன்றோ முதலில் நோக்கற்பாலது?

உலாத் திருமேனி படும் பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாலும் தயிரும் தேனும் பஞ்சாமிர்தமும் அதன்மேற் பொழிகின்றன. பீடத்தோடு கயிற்றால் இறுகப் பிணைக்கப்பெற்று, பல்லக்கிலும் தேரிலும் குலுங்குகின்றது. ஆண்டுதோறும் துலக்கப்படுகின்றது. இவ்வாறு நூற்றாண்டுகள் பல கழிய வேண்டும். ஆதலின், உள்ளே பொள்ளல் இன்றி முழுமையும் உலோகமாக வார்க்கும் கன வார்ப்பையே நம் தென்னாட்டார் கைக்கொண்டனர். உள்ளே மண்கருவை வைத்து, மேலே உலோகம் ஓடாகப் பரவ வார்ப்பது பொள்ளல் வார்ப்பு. அது செம்பை மிச்சப்படுத்தும். ஆயினும் மெல்லிய இடத்தில் ஒரு துளை விழுமாயின் அபிஷேக நீர் உட்புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். நாள்தோறும் நீராட்டப்பெறாத பெரிய உருவங்களுக்கு அது தக்கதே. நம் உலாத் திருமேனிக்கு ஆகாது.

இனி, மெழுகு வார்ப்பு. வடநூலார் இதனை மதூச்சிட்ட விதானம் என்பர். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் இம்முறையே வழங்குகின்றது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கூட்டி உருக்கி, திருமேனியை முதலில் மெழுகிலே சமைப்பர். அதன்மேல் காவிரி வண்டலை நுண்ணிதாக அரைத்துப் பூசுவர். விரல்நகமும் அணிமணியும் பதிய வேண்டுவது இம்முதற் பூச்சிலேதான். பின்னர்ப் பருமண்ணைப் பூசி, இரும்புக் கம்பியாற் கட்டி, நன்கு உலர்த்துவர். ஈரம் சிறிது எஞ்சினும், உருகிய உலோகம் பட்டவுடன் ஆவியாகி அச்சைப் பிளந்துவிடும். வறட்டித் தீயிலே சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். எஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை இடையறாது வார்ப்பர். இடையில் நின்றால் முன்வார்த்தது இறுகி, பின்வார்த்தது ஒட்டாது போம். மெழுகின் எடையைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்பது அவர்தம் கணக்கு. செம்பு மெழுகினும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனமுடையதாதலின் இக்கணக்கு பொருந்துவதே.

மலிவாகச் செய்யும் மணற்பெட்டி வார்ப்பு போதாதோ என்பார்க்கு விடை கூறுதும். அம்முறையில் பெட்டியின் இரு பாதிகளையும் பிரித்து, மாதிரியுருவை வெளியே எடுத்தாக வேண்டும். தூக்கிய திருவடியும் விரிசடையும் மடங்கிய விரல்களும் மணலைக் குலைக்காமல் வெளிவரா. மெழுகோ உருகி ஓடிவிடுவதால் எத்தகைய வளைவும் அதற்குத் தடையன்று. குத்துவிளக்கின் நிலை வேறு. நாச்சியார்கோயிற் கம்மியர் பித்தளை விளக்கை உறுப்பு உறுப்பாகப் பெட்டியிலே வார்த்து, கடைசலிட்டு, திருகிப் பொருத்துகின்றனர். உருண்டை வடிவுக்கு அதுவே சாலும். அங்கே மெழுகு வார்ப்பு வீண் செலவு.

தனித்தனியே வார்த்து இணைத்தல் திருமேனிக்கும் உண்டு. திருவெண்காட்டு இடபவாகனப் பெருமானைத் தஞ்சைக் கலைக்கூடத்திற் கண்டிருப்பீர்கள். 1011ஆம் ஆண்டைச் சார்ந்த அத்திருமேனி விடையின்மேற் கை ஊன்றிய பாவனையில் நிற்கின்றது. விடையோ தனியாக வார்க்கப்பெற்றது. இன்று அங்கு இல்லை. கையின் சாய்வு மட்டும் அதனை உணர்த்தி நிற்கின்றது.

மணிக்கு உருவினும் ஓசையே உயிர். செம்பு நான்கு பங்கிற்கு வெள்ளீயம் ஏறக்குறைய ஒரு பங்கு சேர்ந்தால் நாதம் நீண்டு ஒலிக்கும்; காரீயம் கலந்தால் நாதம் அடங்கிவிடும். திருமேனியில் உலோகம் நன்கு ஓடுவதற்குத் துணைசெய்யும் காரீயமே மணியைக் கெடுக்கின்றது. கவசமும் திருவாசித் தகடும் வார்ப்புக்கு உரியன அல்ல; தகட்டை அடித்து எழுப்பினால் எடை குறையும், தோள்கொடுக்கும் அடியார்க்கும் சுமை குறையும்.

மேனி முடிப்பில்தான் இன்று பெரும்பிழை நேர்கின்றது. வார்ப்பு முடிந்தபின் உளியாலும் அரத்தாலும் செப்பஞ்செய்து, துலக்கி, இறுதியிற் கண் திறப்பது முறை. பளபளப்பு மங்காதிருக்க அரக்குப்பூச்சுப் பூசித் தருவோரும் உளர். கண்ணாடிப் பேழையில் வைக்கும் உருவத்திற்கு அது தகும். அபிஷேகம் கொள்ளும் மேனியில் அது விரைவிலே செதிள் செதிளாக உரிந்து, உரிந்த இடத்தில் அழுக்குத் தங்கும். பொன்முலாமும் அத்தகையதே. பொன்னைப் பாதரசத்தில் குழைத்துப் பூசித் தீயில் வாட்டும் பழைய முறை, பெரும்பாலும் தூய செம்பினால் ஆன நேபாளத் திருவுருவங்களில் நன்கு பற்றுகின்றது. காரீயம் கலந்த மேனியில் அங்ஙனம் பற்றாது. பாதரச ஆவியோ கம்மியர்க்கு நஞ்சு. மின்னாற்றலால் ஏற்றும் முலாம் மிக மெல்லியது. ஆண்டுதோறும் தேய்க்கும் கையைத் தாங்காது.

பழந்திருமேனியைக் குடமுழுக்கின் பொருட்டு இயந்திரச் சக்கரத்தில் ஏற்றி மெருகிடுவதை மட்டும் எக்காரணங்கொண்டும் ஒப்பாதீர்கள். சக்கரம் மேட்டையே முதலில் தின்னும். மூக்கின் நுனி, இதழ்க்கோடு, புருவம் என்பன மேடுகள். அமிலத் திராவகமும் விலக்கத்தக்கதே. புளிகூட அளவோடுதான், தேய்த்தவுடன் நன்னீரால் முற்றும் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுக. மேனியில் வெளிறிய பச்சைத் தூள் உதிருமாயின், அது உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்பதன் அடையாளம். அந்நிலையில் நீங்களே சுரண்டாமல், திருமேனியை உலர்ந்த இடத்தில் எழுந்தருளச் செய்து, உலோகப் பாதுகாப்பு அறிந்தாரை அழைத்துக் காட்டுக.