நடு வயதுச் சோர்வு: ஹார்மோன் ஊசியா, எடைக் குறைப்பா?

வளைகுடா நாடுகளில் பதினைந்து, இருபது ஆண்டுகளாகப் பணியாற்றி வரும் நம் அன்பர்களில் பலர், நாற்பது வயதைத் தாண்டியதும் ஏறக்குறைய ஒரே குறையைச் சொல்வதுண்டு. மாலை நான்கு மணிக்கே களைப்பு; இரவில் பலத்த குறட்டை; எத்தனை மணி நேரம் உறங்கினாலும் காலையில் தெளிவின்மை; இல்லற நாட்டத்தில் குறைவு; காரணமில்லாத எரிச்சல். நண்பர் ஒருவர், "டெஸ்டோஸ்டிரோன் பார்த்தாயா? ஓர் ஊசி போட்டுக்கொண்டால் இருபத்தைந்து வயது திரும்பிவிடும்" என்கிறார். பரிசோதனைத் தாளில் எண் குறைவாக வந்துவிட்டால் மனம் உடனே ஊசியை நாடுகிறது. நிதானம் வேண்டிய இடம் இதுதான்.

உதாரணத்துக்கு ஓர் அன்பரை எண்ணிப் பார்ப்போம். வயது 42. வீடு ஷார்ஜாவில், கணக்காளர் வேலை துபாயில். போக வர தினமும் மூன்று மணி நேரம் காரில். உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ, இடுப்பளவு 104 செ.மீ. மனைவியும் மகளும் திருநெல்வேலியில். ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறை. இரண்டாவது குழந்தை வேண்டும் என்பது தம்பதியரின் ஆசை. ஒருநாள் மதிய உணவுக்குப் பின் எடுத்த பரிசோதனையில் அவருடைய டெஸ்டோஸ்டிரோன், டெசிலிட்டருக்கு 260 நானோகிராம். பொதுவாக 300க்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். விடுமுறைக்கு மூன்று மாதம் இருக்கிறது. அவர் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

சுரப்பு எப்படி நடக்கிறது?

டெஸ்டோஸ்டிரோன் 1935ல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அந்தத் துறையில் உழைத்த பூட்டனான்ட், ருசிச்கா என்ற இருவருக்கும் 1939ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆண் உடலில் இந்த ஹார்மோன் விரைகளில் சுரக்கிறது. ஆனால் விரைகள் தாமாகச் சுரப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்ப வேண்டும். ரத்தத்தில் ஹார்மோன் போதுமான அளவு இருந்தால் கட்டளை குறையும். குறைந்தால் கட்டளை கூடும்.

வயிற்றுக் கொழுப்பு இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறது. கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பருமனோடு வரும் உட்கோளாறுகள் பிட்யூட்டரியின் கட்டளையையும் மந்தமாக்குகின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, இந்த ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் குறைகிறது. அதனாலும் பரிசோதனை எண் இறங்குகிறது. குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு நிற்கும் தூக்கக் கோளாறும் சேர்ந்துகொள்கிறது. ஆக, தொந்தி விழுந்த நடு வயதினர் பலரிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பது நோயின் வேர் அன்று, பருமனின் விளைவே. குறைந்த சுரப்பு மீண்டும் கொழுப்பைச் சேர்க்க உதவுகிறது என்பதும் உண்மைதான். அந்தச் சுழலை எந்த இடத்தில் வெட்டுவது என்பதே கேள்வி.

நம்மவர்க்குக் கூடுதல் எச்சரிக்கை

"நான் ஒன்றும் அவ்வளவு குண்டு இல்லையே" என்று நம்மவர் சொல்வதுண்டு. 2004ல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், ஆங்கிலேயரான ஜான் யுட்கின் ஆகிய இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். இதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டு மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். பேன்ட் அளவை நம்பக் கூடாது. நாம் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே அளவு நாடாவை வைத்து அளக்க வேண்டும்.

ஊசியின் நன்மையும் விலையும்

ஊசியால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையுள்ள, இடுப்பளவு மிகுந்த, சர்க்கரை வியாதியின் விளிம்பிலோ தொடக்கத்திலோ இருந்த 1,007 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2021ல் வெளியானது. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் உண்டு. பாதிப் பேருக்கு அதோடு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டாண்டு முடிவில் சர்க்கரை வியாதி இருந்தோர் ஊசி பெற்றவர்களில் 12 சதவீதம், பெறாதவர்களில் 21 சதவீதம். ஆனால் ஊசி பெற்றவர்களில் 22 சதவீதத்தினருக்குச் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது. மற்றவர்களில் அது ஒரு சதவீதமே. கோடையில் வியர்த்து உடல் நீர் வற்றும் இந்தப் பாலைவன நாடுகளில் கெட்டியான ரத்தம் அலட்சியப்படுத்தக் கூடியதன்று.

2023ல் அமெரிக்காவில் 5,200க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வு முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை டெஸ்டோஸ்டிரோனால் கூடவில்லை, இது ஆறுதல். ஆயினும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், நுரையீரலில் ரத்தக்கட்டி ஆகியவை சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன.

நம் உதாரண அன்பருக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும், அறவே நின்றும் போகலாம். இது ஏதோ அபூர்வ பக்கவிளைவு அன்று. உலக சுகாதார அமைப்பு இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்தது. 1990ல் வெளியான அந்த ஆய்வில், வாரம் ஓர் ஊசி பெற்ற 271 பேரில் 157 பேருக்கு விந்தணுவே இல்லாமல் போயிற்று. நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் திரும்பும். சிலருக்கு இரண்டாண்டு வரை ஆகும். ஆண்டுக்கு ஒரு மாதமே மனைவியோடு இருக்கக் கிடைப்பவர், அந்த மாதத்துக்காக ஊசி போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால், எதற்காகப் போட்டாரோ அதையே இழப்பார். மனைவி தன்னிடம் குறை என்று எண்ணிப் பரிசோதனைக்கு அலைவாள்.

தோலில் தடவும் ஜெல்லுக்கும் இது பொருந்தும். அதிலே வேறொரு ஆபத்தும் உண்டு: தடவிய இடம் மனைவி, குழந்தைகள் மேல் பட்டால் மருந்து அவர்களுக்கும் ஏறும்.

எடை குறைந்தால் என்ன ஆகும்?

ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயதுள்ள 3,369 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2010ல் வெளியானது. உண்மையான அறிகுறிகளோடு ஹார்மோன் குறைவும் சேர்ந்திருந்தவர்கள் 2.1 சதவீதம் மட்டுமே. அதே ஆய்வின் தொடர்ச்சி 2013ல் வந்தது. எடையில் 15 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாக உயர்ந்தது. அது சொந்தச் சுரப்பு. சிறிதளவே குறைத்தவர்களுக்குச் சுரப்பில் பெரிய மாற்றம் இல்லை. நம் அன்பரின் 88 கிலோவுக்கு 15 சதவீதம் என்றால் 13 கிலோ. எளிதன்று, ஓராண்டு உழைப்பு. ஆனால் முதல் நான்கைந்து கிலோவிலேயே சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை இறங்கத் தொடங்கும்.

இங்கே செய்யக்கூடியவை பல. நாளுக்கு நான்கு கரக் சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சர்க்கரையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 130 கலோரி; முதலில் அதை நிறுத்தலாம். இரவு பத்து மணிப் பரோட்டாவை எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி, பருப்பு, காய் என்று மாற்றலாம். பண்டிகை நாளில் பிரசாதம் கையளவு போதும். கோடையில் விடியலுக்கு முன்போ, குளிரூட்டிய அங்காடி வளாகத்திலோ 40 நிமிடம் வேகமாக நடக்கலாம். வாரம் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சியும் வேண்டும். இல்லையேல் கொழுப்போடு தசையும் கரையும். குறட்டை பலமாக இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நலம். செமாக்ளுடைடு, டிர்செபடைடு போன்ற எடைக் குறைப்பு ஊசிகள் தகுந்தவர்க்கு உதவுகின்றன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்பதை அறிந்தே மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்க வேண்டும்.

ஊசி யாருக்கு?

பிட்யூட்டரியில் கட்டி, பிறவிக் குரோமோசோம் கோளாறு, பொன்னுக்கு வீங்கியாலோ அடிபட்டோ பழுதான விரைகள் ஆகியவற்றால் சுரப்பு குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அவசிய மருந்து. அவர்கள் தயங்கவே கூடாது. ஆகவே முதல் எண்ணைக் கண்டு ஊசிக்கு ஓடுவதும் தவறு, எல்லாம் தொந்தியால்தான் என்று ஒதுக்குவதும் தவறு. காலையில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் ரத்தம் கொடுக்க வேண்டும். இரவுப் பணி செய்பவர் நன்கு உறங்கி எழுந்த பின் கொடுப்பது நலம். இரண்டிலும் குறைவு என்றால் பிட்யூட்டரியின் கட்டளை ஹார்மோன்களையும் பார்க்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர், அண்மையில் மாரடைப்பு கண்டவர், குழந்தைக்குக் காத்திருப்பவர் ஆகியோர் ஊசியைத் தவிர்க்க வேண்டியவர்கள்.

நம் உதாரண அன்பருக்கான ஆலோசனை இதுதான்: விடுமுறைக்கு முன் காலைப் பரிசோதனையைத் திரும்பச் செய்துகொள்ளட்டும், குழந்தை ஆசையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லட்டும், ஊசியின்றி ஊருக்குப் போகட்டும். நண்பர் கூறும் ஊசி எங்கும் போய்விடாது. ஓராண்டுக்குப் பின் இடுப்பளவைப் பார்த்துக்கொண்டு அந்தக் கேள்வியை மீண்டும் கேட்கலாம். பெரும்பாலோருக்கு அப்போது அதைக் கேட்கவே தேவை இராது.